கரைந்துபோன நீலம்

அத்தியாயம் 3

பாலேஸ்வரி அம்மாள் பிரிட்ஜைத் திறந்து, கத்தரிக்காய்ப் பையை ஒதுக்கிவிட்டு, ஒரு மாஜரின் டப்பாவை வெளியே எடுத்தார். டப்பாவுக்குள் வெள்ளிக் குங்குமச் செப்பு. செப்புக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் மோதிரம். அதை வெறும் கையால் தொடாமல் ஒரு வெற்றிலையால் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்தார். பிறகு பாம்பை இறக்கி வைத்தவர்போல் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பாருங்கோ மாஸ்ரர். ஞாயிற்றுக்கிழமை நீலம். இண்டைக்குக் கறுப்பு."

துப்பறியும் சண்முகலிங்கம் குனிந்து பார்த்தார். கல் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அவர் முன்பு வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவர். பனிக்கட்டி உருகுவதும் தண்ணீர் ஆவியாவதுமான 'அவத்தை மாற்றம்' என்ற பாடத்தைத் தை மாதம் தொடங்கினால் மார்கழிவரை அதிலேயே நிற்பார். பொடியன்கள் 'அவத்தை மாஸ்ரர்' என்று பெயர் வைத்துவிட்டு வேறு ரியூசனுக்கு ஓடிவிட்டார்கள். வீட்டுப் பேச்சில் அவத்தை என்றால் படாத பாடு படுவதும்தான். ஆகவே அந்தப் பெயர் இரண்டு வகையிலும் அவருக்குப் பொருந்தியது. மாணவர் இல்லாத மேசையில்தான் இப்போது துப்பறியும் பணியகம் நடக்கிறது.

உதவியாளர் றோஸி கொட்டாஞ்சேனைக்காரி. ரைப் அடிக்க என்று வந்து சேர்ந்தவள். யோசிக்கிற வேலையும் தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பது அவளுடைய நெடுநாள் முறைப்பாடு. மற்றவர்கள் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பாலேஸ்வரியின் கணவர் இரத்தினசிங்கத்தின் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வேட்டி முழுக்க நீலத் திட்டுகள். ஓய்வுபெற்ற நில அளவையாளர் இந்து சமுத்திரத்தையே இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குப் பட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"முதல்ல இருந்து சொல்லுங்கோ," என்றார் சண்முகலிங்கம்.

"மகள் நாகேஸ்வரிக்குச் சூரிச்சில மாப்பிள்ளை பேசியிருக்கு," என்றார் இரத்தினசிங்கம். "அவர்தான் மோதிரம் அனுப்பினவர். அவற்ர சிநேகிதன் கொன்ஸ்ரன்ரைன், கொட்டாஞ்சேனைப் பொடியன், கொண்டுவந்து தந்தவன். எல்லாரும் கையில வாங்கிப் பொத்திப் பொத்திப் பாத்தம். அப்பழுக்கில்லாத சிலோன் நீலம்!"

"நீலக்கல் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"வேற ஆரும்?"

"நான் சொன்னாப் பிறகு வேற ஆர் சொல்ல வேணும்?"

றோஸி பாலேஸ்வரியிடம் திரும்பினாள். "பிரிட்ஜுக்குள்ள ஏன் அன்ரி வச்சனீங்கள்?"

"அண்டு பின்னேரமே மாப்பிள்ளை கோல் எடுத்தவர் பிள்ளை. லைன் ஒரே இரைச்சல். மோதிரத்தை மூடு மூடு எண்டு சொன்னது மட்டும்தான் விளங்கிச்சுது. மாமியாரைப் பாத்து மூடு எண்டு சொல்லுற பழக்கம் எங்கை பழகினதோ தெரியாது. சரி, பிள்ளை பயப்பிடுது எண்டு செப்புக்குள்ள போட்டு மூடினன். பிரிட்ஜ் என்ர யோசனை. கள்ளன் அதைத் திறந்தால் முதல்ல மீன்குழம்பைத்தானே பாப்பான்?"

"நாகேஸ்வரி போட்டுப் பாக்கேல்லையோ?"

"நீலம் எண்டால் சும்மாவே? சனியின்ர கல்லு. ஒத்துவருமோ எண்டு சாத்திரியாரிட்டைக் கேக்காமல் போடக்கூடாது. அதுக்கிடையில கறுத்துப்போச்சு. கறுத்தாப் பிறகு ஆர் தொடுறது? அப்பிடியே உள்ளை தள்ளிப்போட்டன்."

கதவோரம் நின்ற நாகேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தகப்பன் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"இதில துப்பறிய ஒண்டுமில்லை மாஸ்ரர்," என்றார் இரத்தினசிங்கம். "கல்லை மாத்தினது வேலைக்கு நிக்கிற ஆறாயி. அவளே ஒத்துக்கொண்டிட்டாள். கல்லு எங்கை எண்டு எடுத்துத் தரத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

ஆறாயி குசினி வாசலில் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து இந்த வீட்டில் சமைத்துத் துவைப்பவள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"என்னம்மா சொன்னனீங்கள்?" என்று சண்முகலிங்கம் பதமாகக் கேட்டார்.

"நீலம் எங்கடின்னு அம்மா கேட்டாங்க. அத நேத்தே தண்ணியில கரைச்சுட்டேன்னு சொன்னேங்க. கொஞ்சூண்டுதான் இருந்திச்சு. மிச்சம் இருந்தா குடுத்துருவேங்க சாமி. இதுக்குப் போயி பொலிசுங்கிறாரு ஐயா."

"கேட்டீங்களே! மிச்சமும் இல்லையாம்!" என்றார் இரத்தினசிங்கம்.

"நீலக்கல்லு தண்ணியில கரையாது," என்றார் சண்முகலிங்கம்.

"அப்ப பொய்யும் சொல்லுறாள். பின்னேரம் பொலிசில குடுக்கிறன்."

இந்த இடத்தில் றோஸிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறாயியிடம் அடையாள அட்டை இல்லை. தோட்டத்தில் விண்ணப்பித்தது இன்னும் வரவில்லை. யுத்தத்தில் நாடு இருக்கிற இருப்பில், அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பெண்ணைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மோதிரத்தைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கப்போவதில்லை. நீ யார், எங்கிருந்து வந்தாய், கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று தொடங்குவார்கள். அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. இரத்தினசிங்கத்துக்கும் இது தெரியும். தெரிந்தும் சொல்கிறாரே என்று றோஸிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"பின்னேரம்வரைக்கும் பொறுங்கோ," என்றார் சண்முகலிங்கம். "மோதிரத்தைத் தாங்கோ. கொண்டுவந்த கொன்ஸ்ரன்ரைனைக் கேட்டிட்டு வாறம்."

அவருடைய கிழட்டு மொரிஸ் மைனர் காலி வீதியில் முக்கிக்கொண்டு போனது. வெயில் கொளுத்தியது. றோஸி பக்கத்து இருக்கையில் இருந்தபடி மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டாள்.

"என்ன செய்யிறாய்?"

"சோதனைச் சாவடியில பையைத் திறந்து பாப்பாங்கள் மாஸ்ரர். விரலைத் திறந்து பாக்க மாட்டாங்கள். சனி பிடிச்சாலும் பரவாயில்லை. உங்களிட்டை வேலைக்கு வந்ததைவிட மோசமா என்ன வரப்போகுது?"

கோட்டைப் பக்கம் போனதும் சாவடி வரிசையில் கார் நின்றது. வரிசை நகர்கிற வழியாக இல்லை. றோஸி மனதுக்குள் அந்தோனியாரிடம் பேரம் பேசத் தொடங்கினாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் கொச்சிக்கடை அந்தோனியார் பெரிய கெட்டிக்காரர். கல் கிடைத்தால் ஒரு கட்டு மெழுகுதிரி என்று நேர்ந்துகொண்டாள். கண்ணைத் திறந்தபோது, சொறிகிறது என்று மாஸ்ரர் கழற்றிக் காரின் முன்கண்ணாடியடியில் போட்டிருந்த டிஜிற்றல் கைக்கடிகாரம் எதிரே கிடந்தது.

"மாஸ்ரர், உங்கட மணிக்கூடு செத்துப்போச்சு. முகம் முழுக்கக் கறுத்திட்டுது. இண்டைக்கு எல்லாத்துக்கும் கறுப்பு வியாதி."

பதில் வருமுன் ஆமிக்காரன் ஒருவன் யன்னலுக்கு வந்தான். இளம் வயது. அட்டைகளை வாங்கிப் பார்த்தான். "கொஹெத யன்னே?" என்று, எங்கே போகிறார்கள் என்பதைக் கேட்டான். "கொட்டஹேன மல்லி," என்று, கொட்டாஞ்சேனைக்குத் தம்பி என்பதைச் சிங்களத்தில் சொன்னாள் றோஸி. அட்டைகளைத் திருப்பித் தந்து, போகலாம் என்று கையைக் காட்டினான். சண்முகலிங்கம் காரைக் கிளப்பினார்.

ஆமிக்காரன் றோஸியின் கையைப் பார்த்து, "நில்!" என்றான்.

சண்முகலிங்கம் பிரேக்கை ஏறி மிதித்தார். இஞ்சின் இருமி நின்றது. இரண்டு கையையும் கூரையில் முட்டும்வரை தூக்கினார்.

"நிண்டிட்டன்! நிண்டிட்டன்! சுடாதேங்கோ!"

"நில்... ஹரி லஸ்ஸனாய்," என்று ஆமிக்காரன் ஒன்றும் விளங்காமல் மறுபடி சொன்னான்.

"கையை இறக்குங்கோ மாஸ்ரர், மானம் போகுது. அவன் சிங்களத்தில சொல்லுறான். நில் எண்டா நீலம். நீலம் நல்ல வடிவாம்."

சொல்லிவிட்டுத்தான் றோஸி தன் விரலைப் பார்த்தாள். கடலைக் கிள்ளி வைத்தது போல் கல் நீலமாக மின்னியது.

சாவடியைக் கடந்ததும் அலறினாள். "அந்தோனியாரே! கண் திறக்கேக்கையே குடுத்திட்டியே!"

"அந்தோனியாருக்கு இவ்வளவு கெதியாச் செய்ய ஏலுமெண்டா எனக்கு எதுக்கு ஒரு பணியகம்?" என்றார் சண்முகலிங்கம். ஆனால் அவருடைய முகமும் வெளிறித்தான் இருந்தது.

அடுத்த தெருவுக்குள் றோஸியின் பக்தி கரைந்து பயம் ஏறியது. கறுப்புக் கல்லோடு புறப்பட்டவள் நீலக் கல்லோடு திரும்பினால் சனம் என்ன சொல்லும்? உண்மைக் கல் இவளிடம்தான் இருந்தது என்று சொல்லும். ஆறாயிக்குப் பக்கத்தில் தானும் வரிசையாக நிற்பதை அவள் கண்ணாலே கண்டாள்.

கொன்ஸ்ரன்ரைனின் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுக்கமான வீட்டு வரிசைத் தோட்டத்துக்குள் இருந்தது. ஆள் நல்ல பருமன். கதவைத் திறந்து றோஸியின் விரலைக் கண்டதும் சிலுவை போட்டான்.

"நான் மாத்தேல்லை! மாதாவாணை நான் மாத்தேல்லை!"

"ஆர் மாத்தினதெண்டது? நாங்கள் இன்னும் வாயே திறக்கேல்லை," என்றாள் றோஸி.

அவனைக் கதிரையில் இருத்தி ஆறவைத்தபின் கதை வெளியே வந்தது. சூரிச்சில் கடைக்காரன் பெட்டியில் தந்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பிளேனில், அந்தக் குளிரில், ஒருக்கால் திறந்து பார்த்தானாம். கறுப்பு. நீல மோதிரம் என்று சொல்லித் தந்தார்களே என்று நெஞ்சு திக்கென்றதாம். கட்டுநாயக்காவில் இறங்கியதும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வெள்ளவத்தையில் எடுத்தால் நீலம்!

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா எனக்கு விசர் எண்டு சொல்லுவினம். அதுக்குத்தான் பேசாமல் குடுத்திட்டு ஓடி வந்தனான்." வியர்வையைத் துடைத்தபடி அவன் உள்ளே போய், ஐஸ் மிதக்கும் நன்னாரிச் சர்பத்தை ஒரு பெரிய ஜக்கில் கொண்டுவந்தான்.

றோஸி கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தாள். பாதி குடிக்கையில் சண்முகலிங்கம், "அசையாதை!" என்று கத்தினார்.

மோதிரத்தின் நீலம் பச்சையாகிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பச்சை தேன் நிறமானது. தேன் நிறம் மண்ணிறமானது. பிறகு கல் கறுத்தது.

"பேய்!" என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

"பேயில்லை. அவத்தை!" சண்முகலிங்கம் துள்ளி எழும்பினார். செத்துப்போன கைக்கடிகாரத்தை எடுத்து ஐஸ் ஜக்கில் சாய்த்து வைத்தார். சற்று நேரத்தில் அதன் கறுப்பு முகம் வெளுத்து, எண்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

"றோஸி, ஒண்டு சூட்டில செத்தது. மற்றது குளிரில செத்தது. ரெண்டும் ஒரே சாதி. திரவப் பளிங்கு!"

"தமிழில சொல்லுங்கோ."

"பஸ் ஹோல்ட்டில சனத்தைப் பாத்திருக்கிறியே? ஒருத்தரும் ஒரு இடத்தில நிக்கிறேல்லை, தண்ணி மாதிரி அசைஞ்சுகொண்டே இருப்பினம். ஆனா எல்லாற்ர முகமும் பஸ் வாற பக்கம். அதுதான் திரவப் பளிங்கு. ஓடவும் செய்யும், ஒழுங்கும் இருக்கும். பஸ் வந்த உடனை என்ன நடக்கும்?"

"அடிபிடி."

"ஓம். சூடு ஏறினா ஒழுங்கு குழம்பிப்போகும். ஒழுங்கிருந்தால்தான் மணிக்கூட்டில எண் தெரியும். வெயிலில கிடந்து குழம்பிச்சுது, ஐஸில பழையபடி வரிசைக்கு வந்திட்டுது."

"அப்ப மோதிரம்?"

"இது வேற வரிசை. தட்டுத் தட்டா அடுக்கி, ஒவ்வொரு தட்டையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி வச்ச மாதிரி. சுழல் படிக்கட்டு எண்டு வச்சுக்கொள். சூடு பட்டால் படி நெருங்கும், நீல வெளிச்சம் மட்டும் திரும்பி வரும். ஆற ஆறப் படி விரியும், பச்சை, மஞ்சள், மண்ணிறம். இன்னும் குளிர்ந்தா எல்லாம் நேராகி விறைச்சுப்போகும். சுழலே இல்லை, நிறமும் இல்லை. அடியில இருக்கிற கறுப்புத்தான் தெரியும். அந்த மாறுற இடத்துக்குக் கிட்டத்தான் இவ்வளவு கூத்தும். இதைத்தானே நான் வருசம் முழுக்கப் படிப்பிச்சனான்! ஒருத்தனும் கேக்கேல்லை!"

மாஸ்ரரைப் பார்க்க றோஸிக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"அப்ப இது நீலக்கல்லே இல்லை."

"கண்ணாடி. ஒருத்தரும் களவெடுக்கேல்லை. பிரிட்ஜ்தான் களவெடுத்தது."

"பிறகேன் மாஸ்ரர் ஆறாயி நீலத்தைக் கரைச்சிட்டன் எண்டு சொல்ல வேணும்?" என்று கேட்டபடி றோஸி முற்றத்தை எட்டிப் பார்த்தாள். கொடியில் கொன்ஸ்ரன்ரைனின் வெள்ளைச் சேர்ட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முதுகு முழுக்க நீலத் திட்டுகள்.

"அம்மாவுக்குக் கண் தெரியாது," என்றான் அவன் வெட்கத்தோடு. "நீலம் கூடப் போட்டிடுவா."

றோஸி கிளாஸைக் கீழே வைத்தாள். "மாஸ்ரர்! இந்து சமுத்திரம்!"

"எங்கை?"

"ஐயாவின்ர இடுப்பில! எழும்புங்கோ, பொலிசுக்குப் போறதுக்கு முன்னம் போக வேணும்!"

அவர்கள் ஒரு தகரப் பேணிக்குள் ஐஸும் மோதிரமுமாக வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது, இரத்தினசிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். றோஸி படியேறும்போதே தொடங்கிவிட்டாள்.

"அங்கிள், உங்கட வேட்டியைப் பாருங்கோ. அதில இருக்கிறது என்ன?"

"நீலம்."

"ஆறாயி கரைச்சது அதைத்தான். உடுப்புக்குப் போடுற நீலம்!"

இரத்தினசிங்கம் வேட்டியைப் பார்த்தார். ஆறாயியைப் பார்த்தார். "வேற எந்த நீலங்க?" என்று ஆறாயி கேட்டாள். அவள் முற்றத்துக் குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்து எழும்பி வந்திருந்தாள். பொலிசுக்குப் போகிற நாளிலும் துணி ஊறிக் கிடக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் இரத்தினசிங்கம் லேசில் விடுகிற ஆளில்லை. "சரி, அது வேட்டி நீலம். மோதிர நீலம் எங்கை?"

"இஞ்சைதான்," என்றார் சண்முகலிங்கம் வெற்றிக் குரலில். பேணியிலிருந்து கறுப்பு மோதிரத்தை எடுத்தார். "இது மனுசக் கையில ஏறினா நீலமாகும். ஆறாயி, விரலை நீட்டுங்கோ."

ஆறாயி நீட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்ரர் தாடையைத் தடவிக்கொண்டு பார்த்தார்.

கல் கறுப்பாகவே இருந்தது.

"இப்ப... வரும்," என்றார்.

வரவில்லை.

"சனீஸ்வரன் ஆளைக் காட்டிட்டார்!" என்று பாலேஸ்வரி நெஞ்சில் கைவைத்தார். "கள்ளியின்ர கையில நிறம் மாறுமே?"

வகுப்பில் பரிசோதனை பிழைத்தபோதெல்லாம் பொடியன்கள் சிரித்தது சண்முகலிங்கத்துக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். றோஸி எட்டி ஆறாயியின் கையைப் பிடித்தாள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அந்த வெயிலிலும் அவை சில்லென்று இருந்தன.

"அன்ரி," என்றாள் றோஸி. "ஒரு பிளேன்ரீ போடுங்கோ. நல்ல சூடா."

"உனக்கோ பிள்ளை?"

"ஆறாயிக்கு."

பாலேஸ்வரி புருசனைப் பார்த்தார். புருசன் கூரையைப் பார்த்தார். அந்த வீட்டில் ஆறாயி போட்ட தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. அவளுக்கு என்று யாரும் ஒரு நாளும் போட்டதில்லை. கடைசியில் பாலேஸ்வரி குசினிக்குள் போனார். சீனி எங்கே இருக்கிறது என்று உள்ளே இருந்து கேட்டார். "மேல்தட்டுல, பச்ச மூடி போட்ட போத்தலுங்கம்மா," என்றாள் ஆறாயி.

தேத்தண்ணி வந்தது. ஆறாயி கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தாள். அவள் விரலில் மண்ணிறம் வந்தது. தேன் நிறம் வந்தது. பச்சை வந்தது. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்த்து மயங்கிய அதே நீலம் பளிச்சென்று வந்து நின்றது.

பாலேஸ்வரி கதிரையில் தொப்பென்று இருந்தார். சண்முகலிங்கம் அவரிடம் திரும்பினார்.

"ஒண்டு கேக்கிறன். மாப்பிள்ளை உங்களோட எப்பவும் எப்பிடிக் கதைக்கிறவர்? நீ எண்டோ, நீங்கள் எண்டோ?"

"சீச்சீ, நீங்கள், வாங்கோ, இருங்கோ எண்டுதான். அந்த 'மூடு' ஒண்டுதான்..."

"அப்பிடிப்பட்ட பிள்ளை மாமியாரைப் பாத்து மூடு எண்டு சொல்லாது. மூடி வையுங்கோ எண்டுதான் சொல்லும். அவர் மூடச் சொல்லேல்லை. அது மோதிரத்தின்ர பேர்."

கதவோரம் நின்ற நாகேஸ்வரி வெடித்துச் சிரித்தாள். "மூட் மோதிரம்! அம்மா, அது மூட் மோதிரம்! காலமையே சொல்ல வந்தனான், அப்பா விட்டாத்தானே! மனசைக் காட்டுற மோதிரம் எண்டு கடைகளில விக்கிறவை. சந்தோசமா இருந்தா நீலமாம். பயந்தா..."

அவள் அத்தோடு நிறுத்திவிட்டாள். எல்லோரும் ஆறாயியின் விரலைப் பார்த்தார்கள். சற்றுமுன் அது என்ன நிறத்தில் இருந்தது என்று ஒருவருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மனசு இல்லை, சூடுதான்," என்றார் சண்முகலிங்கம் மெதுவாக. "பயந்தா விரலுக்கு ரத்தம் ஓடுறது குறையும். விரல் குளிரும். அவ்வளவுதான்."

இரத்தினசிங்கம் செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிழை என்ரதான் ஆறாயி," என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அது வந்ததை நம்ப முடியாமல் மனைவியும் மகளும் அவரைப் பார்த்தார்கள். "என்ன வேணும் சொல்லு. செய்யிறன்."

ஆறாயி கோப்பையை வைத்தாள். யோசித்தாள்.

"என்னைய பொலிசுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குக் கெளம்பித்தானே நின்னீங்க ஐயா. அதே மாதிரி கெளம்பி, என்னோட அட்டை என்னாச்சுன்னு கந்தோர்ல போயி கேட்டு வாங்கிக் குடுங்க."

"நாளைக்கே போறன். வேற?"

"வேறன்னா, நீலந்தாங்க. சுத்தமா தீந்துபோச்சு. வெள்ளத் துணியெல்லாம் ஊறிக்கிட்டு கெடக்கு."

இரத்தினசிங்கம் ஒரு பாரம் இறங்கியவராக வாசலுக்கு ஓடினார். தெருமுடக்குக் கடைக்காரனுக்குக் கேட்கும்படி, நில அளவையாளரின் முழுக் குரலில், ஒரு பக்கெட் நீலம் தா என்று சிங்களத்தில் கத்தினார்.

"மல்லீ! நில்! நில் பெக்கட் எகக் தென்ன!"

வாசலுக்கு வெளியே, வழக்கை முடித்த பெருமையில் கார்த் திறப்பைச் சுழற்றிக்கொண்டு போன துப்பறியும் சண்முகலிங்கம் சடாரென்று நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

முதலில் சிரித்தது ஆறாயி.